இந்தக் கடை யாருடையது?

கடேவே என்றால் எனக்கு உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வாசித்துவிட்டு, 'இவனுக்குக் கடை என்றாலே பிடிக்காது, அதுதான் இப்படி எழுதுகிறான்' என்று யாரும் சொல்லக்கூடாது.

பேர்லினில் விட்டன்பேர்க் சதுக்கத்தில் நிற்கும் அந்தப் பேரங்காடியின் முழுப்பெயருக்கு 'மேற்கின் வணிக மாளிகை' என்று பொருள். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் கடேவே என்பார்கள். வேலை விஷயமாகப் பேர்லின் போனாலும், சும்மா போனாலும், நான் அங்கே ஒருமுறை ஏறி இறங்காமல் டோட்மண்டுக்குத் திரும்புவதில்லை. பெரிதாக ஒன்றும் வாங்குவதும் இல்லை. ஆறாம் மாடியில் சாப்பாட்டுப் பகுதி இருக்கிறது. மீன், பாற்கட்டி, சொக்லேட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி உலகம். அங்கே ஒரு கோப்பி குடித்துவிட்டு, அப்பாவுக்கு ஒரு சின்னப் பெட்டி மாசிபான் வாங்கிக்கொண்டு இறங்குவேன். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஏன் என்றால், அந்தக் கடை முதலில் அவருடையது. சொத்தாக அல்ல, நினைவாக.

1984இல் அப்பாவுக்கு 22 வயது. அந்தக் காலத்தில் எங்கள் சனம் பலர் வந்த வழியாலேயே அவரும் வந்தார். கிழக்கு பேர்லினில் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் பிரீட்றிஷ் வீதி நிலையம் வரை போய், அங்கிருந்து மேற்குப் பக்கம் கடந்து, அகதி விண்ணப்பம் கொடுப்பது. அடுத்த வருடமே அந்தப் பாதை பெரும்பாலும் அடைபட்டுப் போனது. மேற்கில் கால் வைத்த முதல் கிழமை, அவருக்கு முன்பே வந்திருந்த ஓர் அண்ணன் 'வா, ஒரு இடம் காட்டிறன்' என்று கூட்டிப்போய் நிறுத்தியது கடேவேயின் கண்ணாடிக்கு முன்னால். உள்ளே போகவில்லை. 'போட்டிருந்த ஜக்கெற் இரவல் வாங்கினது, அதோட எப்படி உள்ள போறது' என்பார் அப்பா. வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்களை அவர் அங்கே கூட்டிப்போனார். அப்போது அவரிடம் சொந்த ஜக்கெற் இருந்தது. வாசலில் ஒரு நிமிடம் நின்று, அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார். அந்தச் சிரிப்புக்காகத்தான் எனக்கு அந்தக் கடையைப் பிடிக்கும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன இலையுதிர் காலத்தில் நாங்கள் நாலு பேர் பேர்லினுக்குப் போனோம். ரொறொன்ரோவில் இருந்து வந்திருந்த ஒரு நண்பன், கணக்காளராக வேலை செய்யும் ஒருவன், தாதியாக இருக்கும் ஒரு தோழி, நான். ரொறொன்ரோக்காரன் வழி முழுக்கப் பகிடி விட்டுக்கொண்டு வந்தான். 1670இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே நிறுவனம் தன் கடைகளை எல்லாம் 2025இல் மூடிவிட்டது அல்லவா? 'எங்கட ஊரில பேயே செத்துப்போச்சு, நீ இன்னும் பேரங்காடி பேரங்காடி எண்டு திரியிறாய்' என்றான்.

சுரங்க ரயிலில் விட்டன்பேர்க் சதுக்கத்தில் இறங்கி வெளியே வந்தோம். எதிரே கடேவே. அதற்கு முன், நிலைய வாசலுக்குப் பக்கத்தில், ஒரு பலகை நிற்கிறது. மேலே ஒரு வரி. அதன் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக ஊர்ப்பெயர்கள்.

'உதென்ன, பஸ் போற இடங்களே?' என்று கேட்டான் ரொறொன்ரோக்காரன்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்கள் அவுஷ்விட்ஸ், திரெப்ளிங்கா, புகன்வால்ட், டாஹவ், ராவன்ஸ்புறூக். மேலே இருக்கும் வரி, இவை நாங்கள் ஒருபோதும் மறக்கக்கூடாத கொடுமையின் இடங்கள் என்று சொல்கிறது. 1967இலிருந்து அந்தப் பலகை அங்கே நிற்கிறது. பொருள் வாங்க வருகிற சனம் எல்லாம் கடந்து போகிற இடத்தில்.

நான் நின்று விளக்கத் தொடங்கினேன். பலகையோடு நிறுத்தியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, 'இந்தக் கடையின்ர கதை தெரியுமோ?' என்றும் கேட்டுவிட்டேன். கணக்காளன் என் தோளில் தட்டினான். 'மச்சான், அது அவையின்ர கதை. எங்களுக்கு எங்கட கதையே காணும். வா, பசிக்குது.'

அன்று நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் பசித்தது. ஆனால் அந்த வசனத்தை எத்தனையோ இடத்தில் கேட்டுவிட்டேன். தமிழ்ப் பாடசாலை ஒன்றுகூடலில், கோயில் மண்டபத்தில், பிறந்தநாள் விழாவில். நானே பதினாறு வயதில் வரலாற்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆகவே அவனுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன், தம்பி தங்கச்சிமாரே. அந்த வசனம் பிழை. அது மூன்று விதத்தில் பிழை.

முதலாவது, அது வெறும் 'அவையின்ர கதை' அல்ல. நாங்கள் வாழும் நாட்டின் கதை.

கடேவேயை 1907இல் கட்டியவர் அடோல்ப் யான்டோர்ப் என்ற யூத வணிகர். 1920களின் பிற்பகுதியில் அது ஹெர்மான் டீட்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த நிறுவனத்தின் தொடக்கத்தைக் கேட்டால் உங்களுக்கு உங்கள் சொந்தக்காரர் யாராவது நினைவுக்கு வருவார். 1882இல் கேரா என்ற சிறிய ஊரில், ஒஸ்கார் டீட்ஸ் என்ற இளைஞர் நூல், பொத்தான், கம்பளி விற்கும் ஒரு சின்னக் கடை போட்டார். முதல் கொடுத்தது குடும்பத்துப் பெரியவர் ஹெர்மான். ஆகவே கடைக்கு ஹெர்மான் டீட்ஸ் என்று அவர் பெயரையே வைத்தார். லண்டனிலோ பாரிஸ் லா சப்பலிலோ நம்மவர் கடை ஒன்று எப்படித் தொடங்குமோ, அப்படியேதான். சொந்தக்காரர் காசு, சொந்தக்காரர் பெயர், ராப்பகலாக வேலை. பொத்தான் கடையில் தொடங்கி, ஜேர்மனியின் மிகப்பெரிய பேரங்காடி நிறுவனங்களில் ஒன்றாக அதை அவர்கள் வளர்த்தார்கள்.

1933 ஏப்ரல் 1ஆம் திகதி நாசிப் படையினர் நாடு முழுவதும் யூதர்களின் கடை வாசல்களில் நின்று, உள்ளே போகாதே என்று மறித்தார்கள். டீட்ஸ் நிறுவனம் கடனில் சிக்கியது. வங்கிகள் கடன் கொடுக்க முன்வந்தன. ஆனால் உரிமையாளர் குடும்பம் ஒதுங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டன. 1934க்குள் குடும்பம் முழுவதுமாக வெளியே போனது. நிறுவனத்துக்குள்ளேயே வேலை பார்த்த ஜோர்ஜ் கார்க் என்பவர் பொறுப்புக்கு வந்தார், பின்னாளில் அவரே உரிமையாளரும் ஆனார். யூத ஊழியர்களையும் வேலையால் நிறுத்தினார்கள்.

பெயரை என்ன செய்தார்கள் தெரியுமா? ஹெர்மானில் முதல் அசை, டீட்ஸில் முதல் அசை, இரண்டையும் வெட்டி ஒட்டி 'ஹெர்டீ' என்று ஆக்கினார்கள். யூதப் பெயர் மறைந்தது. பழகிய வாடிக்கையாளர் காதுக்குப் பழைய கடை மாதிரியே கேட்டது. போர் முடிந்தும் அந்தப் பெயர் போகவில்லை. என் வயதுக்காரர் பலருக்கு ஹெர்டீ கடை ஒன்று நினைவிருக்கும். எங்கள் அம்மா எனக்குப் பாடசாலைப் பை வாங்கியதும் ஒரு ஹெர்டீயில்தான்.

இரண்டாவது பிழை, இது நடந்த முறை நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைப்பது.

நான் செய்யும் தொழிலை உங்களில் பலர் படிக்கிறீர்கள், செய்யப் போகிறீர்கள். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கினால், பழைய நிறுவனத்தின் தரவுகளை எல்லாம் புதிய நிறுவனத்தின் முறைமைக்கு மாற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. பழைய பெயர் இருக்கும் இடமெல்லாம் தேடிப் புதிய பெயரைப் போட வேண்டும். ஒழுங்காகத் திட்டமிட்டால் ஒரு வார இறுதி காணும். திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது திரையிலும் பற்றுச்சீட்டிலும் புதிய பெயர் வரும். வாடிக்கையாளர் ஒருவர் 'முந்தி வேற பெயரல்லோ?' என்று கேட்பார். அடுத்த மாதம் அவரும் கேட்க மாட்டார்.

இதில் தவறு ஒன்றும் இல்லை, வாங்கியவர் நியாயமாக வாங்கியிருந்தால். ஆனால் அநியாயமாக எடுத்த கடைக்கும் இதே வேலைதான், இதே படிகள்தான். தீப்பெட்டி தேவையில்லை. ஒரு பட்டியல், ஒரு வங்கி, ஒரு நிபந்தனை, ஒரு புதிய பெயர்ப்பலகை. எல்லாம் கடதாசியில் முடியும்.

நமக்கு 1983 ஜூலை என்றால் நெருப்புத்தான் நினைவுக்கு வரும். என் பெரிய மாமாவின் புடவைக்கடை புறக்கோட்டையில் எரிந்தது. அந்த நெருப்பைப் பற்றி நான் நூறு தரம் கேட்டிருக்கிறேன். ஆனால் நெருப்புக்கு முன்னால் ஒரு கடதாசி இருந்தது. வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு, எந்தக் கடை தமிழருடையது என்று அதைப் பார்த்துத்தான் வந்தார்கள். நெருப்புக்குப் பின்னாலும் ஒரு கடதாசி வந்தது. எரிந்த சொத்துகளை அரசு தன் பொறுப்பில் எடுத்து, அவற்றைப் பார்க்க ஓர் அதிகாரசபையை அமைத்தது. தன் கடை நின்ற நிலத்துக்காகவே மாமா படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அவர் அந்த நெருப்பைப் பற்றி அழாமல் கதைப்பார். படிவத்தைப் பற்றிக் கதைக்கும்போதுதான் குரல் உடையும்.

இங்கே ஒருவர் எழும்பி, 'இரண்டும் ஒன்றா?' என்று கேட்பார். ஒன்றல்ல. ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அந்தப் பலகையில் இருக்கும் ஊர்களை வேறு எதோடும் சமப்படுத்த நான் வரவில்லை. சமம் என்று சொல்வது வேறு, பார்த்தவுடன் விளங்குகிறது என்று சொல்வது வேறு. கடையைப் பறிகொடுத்த குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு, பறிபோன இன்னொரு கடையின் கதை மற்றவர்களைவிட விரைவாக விளங்க வேண்டும். நாமோ 'அவையின்ர கதை' என்று கடந்து போகிறோம். பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் மெழுகுதிரி ஏற்றி, ஜேர்மன்காரருக்கும் கனடாக்காரருக்கும் எங்கள் கதை தெரியவில்லையே என்று குறைப்படுகிறோம். எந்த முகத்தோடு?

மூன்றாவது பிழைதான் பெரியது. இதை எழுதலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன்.

'எங்களுக்கு எங்கட கதையே காணும்' என்கிறோமே, அந்த எங்கட கதை முழுக்க நமக்குத் தெரியுமா?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். சொன்னது சிங்கள அரசு அல்ல, எங்கள் இயக்கம். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலும் இருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டையும் கடையையும் விட்டு, கையில் ஒரு சிறு தொகையோடு போனார்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுடைய புடவைக்கடைகள் இருந்தன, இரும்புக்கடைகள் இருந்தன, நகைக்கடைகள் இருந்தன. அந்தப் பொருட்கள் எங்கே போயின?

ஒன்று எங்கே போனது என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அப்பம்மா வீட்டு விறாந்தையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. நல்ல தேக்கு. கதவில் பூவேலை. பதின்மூன்று வயதில் முதல்தரம் ஊருக்குப் போனபோது, 'வடிவான அலுமாரி அப்பம்மா, எங்க வாங்கினது?' என்று கேட்டேன். 'தொண்ணூற்றொண்டில மலிவா வந்தது ராசா' என்றார். நான் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தெரியவில்லை.

கடேவேயின் கதையை வாசித்த பிறகுதான் கேட்கத் தெரிந்தது. அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, 'அப்பா, அந்த அலுமாரி ஆரின்ர?' என்றேன். அப்பா எதற்கும் கதை சொல்லுகிற மனிதன். ஷோனபெல்டைக் கேட்டால் அரை மணித்தியாலம் சொல்வார். அன்று, 'அது ஒரு பழைய சாமான், இப்ப அதை ஏன் கேக்கிறாய்' என்றார். பிறகு, 'அந்த நேரம் எல்லாரும் வாங்கினவை' என்றார். பிறகு அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

எல்லோரும் வாங்கினார்கள். ஜேர்மனியில் 1930களிலும் அப்படித்தான். வாங்கியவர் ஒவ்வொருவரும் கொடியவர் அல்ல. மலிவாக வந்தது, வாங்கினார்கள். என் அப்பம்மா நல்ல மனுசி. போர்க் காலத்தில் தன் சோற்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தவர். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்த அலுமாரி அவருடையது அல்ல என்றுதான் சொல்கிறேன்.

இப்போது விளங்குகிறதா, நாம் ஏன் அந்தப் பலகையைப் பஸ் அட்டவணை என்று நினைத்துக்கொண்டு நடக்க விரும்புகிறோம் என்று? 'இந்தக் கடை யாருடையது?' என்ற கேள்வியை ஒருமுறை கேட்கப் பழகினால் அது பேர்லினோடு நிற்காது. புறக்கோட்டைக்கு வரும், அதை நாம் வரவேற்போம். பிறகு யாழ்ப்பாணத்துக்கும் வரும், விறாந்தையில் ஏறும். அது வராமல் இருக்கத்தான் 'அது அவையின்ர கதை' என்று முதலே கதவைச் சாத்துகிறோம்.

ஒரு விஷயத்தில் ஜேர்மன் பிள்ளைகளைப் பார்த்துக் கற்கலாம். கார்க் குடும்பத்தின் சொத்தில் இருந்து ஹெர்டீ அறக்கட்டளை பிறந்தது. அந்த அறக்கட்டளை 2003இல் பேர்லினில் ஓர் உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கியது. அங்கே படித்த மாணவர்களே சில ஆண்டுகளுக்கு முன், 'எங்கள் பள்ளியின் பெயருக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை ஆராயுங்கள்' என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். தங்களுக்கு இடம் கொடுத்த நிறுவனத்தையே கேட்டார்கள். அறக்கட்டளை வரலாற்றாசிரியர்களிடம் ஆய்வை ஒப்படைத்தது, அது நூலாகவும் வந்தது. அவர்களுக்கும் உங்கள் வயதுதான்.

அப்படியானால் கடேவேக்குப் போகக்கூடாதா? யார் சொன்னது? போங்கள். போரில் எரிந்து, 1950இல் மறுபடி திறந்து, அதன் பிறகும் பல கை மாறிய கடை அது. 2024இல் அந்தக் கட்டடத்தைத் தாய்லாந்து நிறுவனம் ஒன்று வாங்கியது. இன்று அங்கே கோப்பி ஊற்றித் தரும் பிள்ளைக்கும் 1933க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நானும் அன்று ஆறாம் மாடிக்குப் போனேன், நாலு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம், மாசிபானும் வாங்கினேன். பிடித்த கடையைப் பிடிக்காமல் ஆக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடித்தால் அதன் பெயரையும், அதற்கு முந்திய பெயரையும் தெரிந்து வைத்திருங்கள் என்கிறேன். நண்பர்களோடு போகும்போது பலகைக்கு முன் இரண்டு நிமிடம் நில்லுங்கள். அவர்கள் பசிக்குது என்றாலும் நில்லுங்கள். நான் அன்று நிற்காமல் போனது பிழை.

வீட்டிலும் ஒருமுறை கேளுங்கள். அம்மப்பா, அப்பம்மா உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். எங்கள் தெருவில் முஸ்லிம் வீடுகள் இருந்தனவா? அவர்களின் பெயர் என்ன? என்ன கடை வைத்திருந்தார்கள்? அவர்கள் போன அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள்? 1983ஐப் பற்றிக் கேட்டால் சொல்லுகிறவர்கள், 1990ஐப் பற்றியும் சொல்லட்டும். சொல்ல மறுத்தால், அவர்கள் மறுத்தார்கள் என்பதையாவது நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்.

ரொறொன்ரோக்காரன் திரும்பிப் போய் ஒரு மாதம் கழித்து எனக்குக் குரல்செய்தி அனுப்பியிருந்தான். திரும்பும் ரயிலில் நான் அலுமாரியின் கதையைச் சொன்னபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். செய்தியில் சுற்றி வளைத்து என்னவெல்லாமோ கதைத்துவிட்டு, கடைசியில் கேட்டான்: 'மச்சான், எங்கட அம்மம்மா வீட்டில ஒரு தையல் மெசின் இருக்கு. அது எப்ப வந்தது எண்டு ஆரைக் கேக்கிறது?'

அம்மம்மாவைக் கேள் என்று பதில் போட்டேன். அப்பம்மாவின் அலுமாரிக்கு உரிய குடும்பத்தின் பெயரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்பா அடுத்த முறை வாய் திறப்பார் என்று நம்புகிறேன். மாசிபானோடு போய்க் கேட்கப் போகிறேன்.